மார்ச்சில் மண்வெட்டியைத் தொடாதீர்கள்

நியூயார்க் நகரத்துக்கு மார்ச் நடுவில் ஒரு பொய் வசந்தம் வருவதுண்டு. போன வாரம்வரை அழுக்குப் பனி குவிந்திருந்த நடைபாதையில் திடீரென்று 18 டிகிரி வெயில் அடிக்கும். ஜனங்கள் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார்கள். நான்கு மாதம் பூட்டிக் கிடந்த சமூகத் தோட்டங்களின் கம்பிக் கதவுகள் அன்று திறக்கும். கொட்டகைக்குள் சாய்ந்திருந்த மண்வெட்டிகள் வெளியே வரும். அந்த ஆண்டுதான் புதிதாகச் சேர்ந்தவர்கள் விதைப் பாக்கெட்டுகளோடு ஓடி வருவார்கள். பத்து இருபது குளிர்காலம் கண்ட பழைய உறுப்பினர்கள் அவர்களிடம் முதலில் சொல்வது ஒன்றுதான்: பாத்தியில் கால் வைக்காதீர்கள்.

இதற்கு ஒரு கைச்சோதனை இருக்கிறது. ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கி உருட்டிவிட்டுப் பெருவிரலால் தட்டிப் பார்க்க வேண்டும். உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். உருண்டை குலையாமல் நின்றால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். நல்ல தோட்ட மண்ணில் ஏறத்தாழ பாதி வெற்றிடம். காற்றும் நீரும் அந்த இடைவெளியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பனி உருகும் பருவத்தில் நீரின் பங்கு கூடிவிடுகிறது. களிமண் துகள்கள் தட்டையானவை. நடுவில் நீர்ப்படலம் இருக்கும்போது மேலே பாரம் விழுந்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நெருங்கிப் படிகின்றன. முதலில் நசுங்குவது பெரிய துளைகள். வேருக்கு ஆக்சிஜன் போவதும் மழைநீர் கீழே இறங்குவதும் அவற்றின் வழியாகத்தான். ஈரத்தில் மிதித்த பாத்தி வெயிலில் இறுகிவிட்டால் ஜூன் மாதத்தில் தக்காளிச் செடி ஏன் வாடுகிறது என்று யாருக்கும் விளங்காது.

வசந்த ஏற்பாடு என்றால் கொத்துவது, விதைப்பது, தண்ணீர் விடுவது என்றுதான் பொதுவாக நினைப்போம். ஆனால் மண்ணியலும் தாவரவியலும் பூச்சியியலும் அந்த வாரங்களுக்குச் சொல்லும் யோசனைகளில் பாதிக்கு மேல் ‘செய்யாதே’ ரகம். நம் ஊரில் ஆடிப்பட்டத்துக்கு வானத்தைப் பார்ப்பார்கள். அந்தக் குளிர்நாட்டு நகரத்தில் தரைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே இருப்பதோ சாதாரணப் பட்டியல் இல்லை.

அந்தத் தரை எப்படித் தோட்டமானது என்பதிலிருந்து தொடங்கினால்தான் மற்றவை புரியும். 1970களில் நியூயார்க் நகராட்சி திவாலின் விளிம்புக்குப் போனது. லோயர் ஈஸ்ட் சைட், தெற்கு பிராங்க்ஸ், கிழக்கு நியூயார்க் போன்ற ஏழைப் பகுதிகளில் வீட்டு உரிமையாளர்கள் கட்டடங்களைக் கைவிட்டார்கள், சில தீக்கிரையாயின, மிஞ்சியதை நகராட்சி இடித்துத் தள்ளியது. தெருத் தெருவாகக் காலி மனைகள், அவற்றில் உடைந்த செங்கல், பழைய மெத்தை, குப்பை. லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியர் தன் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ‘கிரீன் கெரில்லாஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார். பூட்டிய வேலிகளுக்கு மேலாக விதையும் உரமும் கலந்த உருண்டைகளை வீசுவது இவர்களின் ஆரம்ப விளையாட்டு. 1973இல் பவரி தெருவும் ஹூஸ்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் ஒரு மனையைச் சுத்தம் செய்து பாத்தி கட்டினார்கள். மறு ஆண்டு நகராட்சி அதை மாதம் 1 டாலர் வாடகைக்குக் கொடுத்தது. 1985இல் கிறிஸ்டி இறந்தார். அந்தத் தோட்டம் இன்று அவர் பெயரில் இருக்கிறது.

1978இல் நகராட்சியே ‘கிரீன்தம்ப்’ என்ற பிரிவைத் தொடங்கியது. இப்போது பூங்காத் துறையின் கீழ் இயங்கும் இந்தப் பிரிவு சுமார் 550 தோட்டங்களுக்குத் துணை நிற்கிறது. நடுவில் ஒரு கண்டமும் வந்தது. 1999இல் மேயர் ரூடி ஜூலியானியின் நிர்வாகம் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலம் விடத் தேதி குறித்தது. ஏலத்துக்கு முந்தின நாள், நடிகை பெட் மிட்லர் தொடங்கிய நியூயார்க் ரெஸ்டொரேஷன் ப்ராஜெக்ட்டும் ட்ரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட் என்ற அமைப்பும் 42 லட்சம் டாலர் கொடுத்து 114 தோட்டங்களை வாங்கின. குப்பைமேடாகக் கைவிட்ட மனைகளுக்கு, ஏழைகள் இருபது வருடம் உழைத்துப் பசுமையாக்கிய பிறகு, சந்தை விலை வந்துவிட்டது. இந்த முரணைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம்.

கிரீன்தம்ப் தோட்டங்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஏப்ரல் 1 முதல் அக்டோபர் இறுதிவரை வாரத்துக்கு 20 மணி நேரமாவது கதவைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்க வேண்டும். அதனால் மார்ச் மாதம் பரபரப்பாகத்தான் கழியும். நாட்காட்டி அவசரப்படுத்துகிறது, மண் அவசரப்படுவதில்லை.

இடிந்த வீடுகளின் மேல் உருவான மண் என்பதால் முதல் கேள்வி ஈயம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் சேர்ப்பதை நியூயார்க் நகரம் 1960இலும் அமெரிக்க நடுவண் அரசு 1978இலும் தடை செய்தன. ஆனால் அதற்கு முன் பூசிய சுவர்கள் இடிந்து தூளாகி மனைக்குள்ளேயே கிடந்தன. பெட்ரோலில் கலந்த ஈயம் வண்டிகளின் புகை வழியாகச் சாலையோர மண்ணில் அரை நூற்றாண்டுக்கு மேல் படிந்தது. சாலை வாகனங்களுக்கு ஈய பெட்ரோல் முழுதாக நின்றது 1996இல்தான். ஈயத்தின் குணமே ஒட்டிக்கொள்வது. களிமண்ணோடும் மட்கோடும் பாஸ்பேட்டோடும் பிணைந்து மேல்மண்ணிலேயே தங்கிவிடும். மழை அதைக் கழுவிக்கொண்டு போவதில்லை, நுண்ணுயிர் எதுவும் அதைச் சிதைப்பதில்லை. தாத்தா ஓட்டிய காரின் ஈயம் பேரன் தோண்டும் குழியில் இருக்கிறது.

கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நகரின் 54 சமூகத் தோட்டங்களிலிருந்து 564 மண் மாதிரிகளை எடுத்துச் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ பத்தில் ஒரு மாதிரியில் ஈயம் சுகாதார வரம்பைத் தாண்டியிருந்தது. மற்றவை தேவலை, குறிப்பாக, வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணை நிரப்பிய மேட்டுப்பாத்திகள். வரம்பு என்பதும் நிலையான கோடு இல்லை. குடியிருப்பு மண்ணில் கிலோவுக்கு 400 மில்லிகிராம்வரை ஈயம் இருந்தால் மேல் விசாரணை வேண்டாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்தது. 2024 ஜனவரியில் அதை 200 ஆக்கியது. ஒரே இரவில் எத்தனையோ பாத்திகள் ‘பரவாயில்லை’யிலிருந்து ‘கவனிக்க வேண்டும்’ என்ற பக்கத்துக்கு மாறிவிட்டன. மண் மாறவில்லை, குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குச் சிறு அளவு ஈயமும் கெடுதல் என்ற அறிவு கூடியிருக்கிறது.

பலரும் நினைப்பதுபோல் ஈயம் வேர் வழியாக ஏறித் தக்காளிக்குள் புகுந்துவிடுவதில்லை. பெரும்பாலான செடிகளில் அது வேரைத் தாண்டி மேலே ஏறுவது மிகக் குறைவு, பழத்துக்குப் போவது அதிலும் குறைவு. உண்மையான ஆபத்து தூசு. மழைத்துளி தெறித்துக் கீரை இலையின் மடிப்பில் ஒட்டும் மண், கழுவாத கேரட்டின் தோலில் ஒட்டியிருக்கும் மண், சிறுபிள்ளை விரலை வாயில் வைக்கும்போது உள்ளே போகும் மண். எனவே மார்ச் மாத வேலைகளில் முதலிடம் மண்வெட்டிக்குக் கிடையாது. பாத்திக்குப் பாத்தி கொஞ்சம் மண் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது, முடிவு வரும்வரை காத்திருப்பது, நடைபாதைகளில் மரச்சில்லு கொட்டித் தூசு கிளம்பாமல் மூடுவது, மேட்டுப்பாத்தியில் புதிதாக மட்கு உரம் சேர்ப்பது, மண்ணின் அமிலத்தன்மையை நடுநிலைக்கு அருகில் வைப்பது ஆகியவைதான் அந்த மாத வேலை. அமிலம் கூடினால் ஈயம் கரையத் தொடங்கும். மட்கு உரமோ ஈயத்தின் அடர்த்தியைக் குறைப்பதோடு அதைப் பிடித்தும் வைக்கிறது.

மேட்டுப்பாத்தியை நிரப்ப நல்ல மண் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விக்கு நியூயார்க் கண்டுபிடித்த விடை அழகானது. வானளாவிய கட்டடங்களுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது நகர அழுக்கு எட்டாத ஆழத்திலிருந்து மணலும் வண்டலும் வெளிவருகின்றன. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் பனிப்பாளம் உருகிப் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற படிவு அது. பெட்ரோலும் பெயின்ட்டும் மனிதக் கற்பனையிலேயே இல்லாத காலத்தது. கட்டட நிறுவனங்கள் அதைக் காசு கொடுத்து வெளியூருக்கு லாரியில் அனுப்பிக்கொண்டிருந்தன. நகராட்சியின் சுற்றுச்சூழல் சீரமைப்பு அலுவலகம் ‘சுத்த மண் வங்கி’ என்ற திட்டத்தை ஏற்படுத்தி, சோதித்துத் தேறிய படிவை உள்ளூரிலேயே தேவைப்படும் இடங்களுக்குத் திருப்பிவிட்டது. அதில் ஒரு பங்கு சமூகத் தோட்டங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. படிவில் உயிர்ச்சத்து எதுவும் இல்லை. அப்படியே கொட்டினால் புல்கூட யோசிக்கும். மட்கு உரத்தைத் தாராளமாகக் கலந்தபின் அது மண்ணாகிறது. புரூக்ளின் கல்லூரி ஆய்வாளர்கள் இந்தக் கலவையைச் சில தோட்டங்களில் போட்டுப் பார்த்தபோது காய்கறி விளைந்தது, ஈயமும் தாழ்ந்த அளவிலேயே இருந்தது. ஆனால் பக்கத்துப் பழைய மண்ணின் தூசு காற்றில் வந்து புதுப் பாத்தியில் படியும். மூடாக்கு போடாமல் விட்டால் வங்கி மண்ணும் மெல்ல நகரத்து மண்ணாகிவிடும்.

சரி, மண் தேறிவிட்டது, உலர்ந்தும்விட்டது. இனிக் கொத்தலாமா? பாத்தியை ஆழமாகப் புரட்டிப்போட்டால்தான் மனசுக்கு நிறைவு என்று நினைப்பவர்கள் நியூயார்க்கிலும் உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய சோதனையின் கதை உதவும்.

1879இல் மிச்சிகன் வேளாண் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் பீல், களை விதைகள் மண்ணுக்குள் எத்தனை காலம் உயிரோடிருக்கும் என்று அறிய விரும்பினார். இருபதுக்கு மேற்பட்ட செடிவகைகளில் ஒவ்வொன்றிலும் 50 விதை எண்ணி, ஈர மணலோடு கலந்து 20 புட்டிகளில் நிரப்பினார். புட்டிகளை வளாகத்தில் புதைத்து, ஐந்து ஆண்டுக்கு ஒன்றாகத் தோண்டியெடுத்து முளைக்கப்போட ஏற்பாடு செய்தார். விதைகள் அவரைவிடக் கெட்டி. இடைவெளி பிற்பாடு பத்து ஆண்டாகி, இருபது ஆண்டும் ஆனது. கடைசியாக ஒரு புட்டி 2021 ஏப்ரலில் எடுக்கப்பட்டது. 142 வருடம் இருட்டில் கிடந்த விதைகளில் சில, வெர்பாஸ்கம் என்ற களைச்செடியின் விதைகள், முளைத்தன. அடுத்த புட்டி 2040இல். சோதனை 2100வரை ஓடும்.

2021இல் புட்டியை எடுக்கப் போனவர்கள் விடியுமுன், மங்கிய விளக்கோடு போனார்கள். மண்ணில் மிச்சமிருக்கும் புட்டிகளின்மேல் வெயில் பட்டுவிடக் கூடாது என்ற எச்சரிக்கை. ஏனெனில் பல விதைகளுக்கு வெளிச்சம்தான் எழுப்பும் மணி. 1952இல் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் ஹாரி போர்த்விக்கும் ஸ்டெர்லிங் ஹெண்ட்ரிக்ஸும் சகாக்களும் நனைத்த லெட்யூஸ் விதைகளின்மேல் விளக்கடித்துப் பார்த்தார்கள். சிவப்பு ஒளி பட்டவை முளைத்தன. சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்கு எட்டியும் எட்டாத அலைநீளத்தில் உள்ள தூரச்சிவப்பு ஒளியை உடனே பாய்ச்சினால் முளைப்பு நின்றது. மாறி மாறி எத்தனை முறை அடித்தாலும் கடைசியாகப் பட்ட ஒளியே முடிவைத் தீர்மானித்தது. பைட்டோகுரோம் என்ற நிறமிதான் இந்த இருவழிச் சுவிட்ச் என்பது பின்னர் தெரியவந்தது.

செடிக்கு இதனால் என்ன லாபம்? பச்சை இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு தூரச்சிவப்பைக் கீழே விட்டுவிடுகின்றன. எனவே தூரச்சிவப்பு மிகுந்த ஒளி என்றால் தலைக்குமேல் ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார், இப்போது முளைப்பது வீண் என்று பொருள். சிவப்பு மிகுந்த நேர்வெயில் என்றால் இடம் காலி. மண்ணைப் புரட்டும்போது புதைந்திருந்த விதைமேல் ஒரு கணம் வெயில் விழுந்து மறுபடி மூடிக்கொண்டாலும் போதும். செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஜெர்மனியில் இதை வைத்து இரவில் உழுது பார்த்தார்கள். சில சோதனைகளில் களை வெகுவாகக் குறைந்தது, வேறு சிலவற்றில் பெரிய பலன் இல்லை, ஏனென்றால் எல்லாக் களைகளும் வெளிச்சத்துக்குக் காத்திருப்பவை அல்ல. சமூகத் தோட்டக்காரர்களை நடுநிசியில் மண்வெட்டியோடு வரச் சொல்வது நடக்கிற காரியமும் இல்லை. அவர்கள் எடுத்துக்கொள்ளும் பாடம் எளியது. புரட்டாமல் மேலே மட்கு உரத்தைப் பரப்பிவிட்டு, நாற்று வைக்குமிடத்தில் மட்டும் குழி எடுத்தால் போதும்.

குளிரின் கணக்கு இதைவிடச் சூட்சுமமானது. அக்டோபரில் நட்ட பூண்டு மார்ச்சில் பச்சை நுனி காட்டிக்கொண்டிருக்கும். தோட்டத்தில் அப்போது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருப்பது அது ஒன்றுதான். பூண்டுப் பல்லுக்குச் சில வாரக் குளிர் கட்டாயம் வேண்டும். கிடைக்காவிட்டால் பல் பிரியாமல் ஒற்றை உருண்டையாக நின்றுவிடும். அதே குளிர் முட்டைக்கோஸ் நாற்றுக்குத் தப்பான வேளையில் கிடைத்தால் ஆபத்து. ஓரளவு வளர்ந்த நாற்றைச் சீக்கிரம் வெளியில் நட்டு, அதன்மேல் சில வாரம் குளிர் அடித்துவிட்டால், ஒரு குளிர்காலம் கழிந்துவிட்டது என்று செடி கணக்குப் போட்டுக்கொண்டு, தலை கட்டாமல் பூத்தண்டு விட்டுவிடும்.

செடி குளிரை எப்படி நினைவு வைத்துக்கொள்கிறது? முட்டைக்கோஸுக்கு உறவான அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் கரோலின் டீனும் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தைச் சேர்ந்த அவருடைய குழுவும் பல ஆண்டு இதை ஆராய்ந்தார்கள். பூப்பதைத் தடுக்கும் எஃப்எல்சி என்ற ஒரு மரபணு இருக்கிறது. குளிர் நீடிக்க நீடிக்க ஒவ்வொரு செல்லாக அந்த மரபணு அணைக்கப்படுகிறது. டிஎன்ஏவில் எழுத்து எதுவும் மாறுவதில்லை. டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களில் வேதிக் குறி ஒன்று ஏறுகிறது. வெயில் திரும்பிவந்த பிறகும், செல் பிரிந்து பெருகிய பிறகும் அந்தக் குறி தங்கியிருக்கிறது. ஒருநாள் குளிருக்கும் ஒரு பருவத்துக் குளிருக்கும் செடி வேறுபாடு அறிவது, அணைந்த செல்கள் எத்தனை என்ற கூட்டுக்கணக்கால்தான்.

பட்டாணி, பசலை, லெட்யூஸ் ஆகியவற்றுக்கு இந்தக் கவலை குறைவு. மண் 5 டிகிரி வெப்பத்தைத் தொட்டால் பட்டாணி மெல்ல முளைத்துவிடும். மார்ச் கடைசியில் விதைக்கலாம். தக்காளியும் மிளகாயும் வெப்பநாட்டுப் பிள்ளைகள். உறைபனி கூட வேண்டாம், 10 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து கிடந்தாலே அவற்றின் செல் சவ்வுகளில் உள்ள கொழுப்பு இறுகி, சவ்வு கசியத் தொடங்கும். குளிர்ந்த மண்ணில் வேர் பாஸ்பரஸை எடுக்கத் தடுமாறுவதால் இலையின் அடிப்புறம் ஊதா நிறமாகும். அப்படி அடிவாங்கிய ஏப்ரல் நாற்றை, மே மாதக் கடைசியில் நட்ட நாற்று ஜூலைக்குள் எட்டிப்பிடித்துத் தாண்டிப் போவதைத் தோட்டக்காரர்கள் வருடா வருடம் பார்க்கிறார்கள். இருந்தாலும் வருடா வருடம் ஒருவர் ஏப்ரலில் நடுவார்.

மன்ஹாட்டனின் நடுவில் கடைசி உறைபனி ஏப்ரல் முதல் பாதியோடு ஓய்வது வழக்கம். வெயிலைக் குடித்து வைத்திருக்கும் சுவரும் தாரும் இரவில் கதகதப்பைக் கசிய விடுவதால் நகரத்தின் உட்பகுதிக்கு இந்தச் சலுகை. வெளிவட்டாரங்களில் அது இன்னும் தள்ளிப்போகும். ஆனால் ‘வழக்கம்’ என்பது சராசரி, சத்தியம் இல்லை. 2020 மே 9ஆம் தேதி சென்ட்ரல் பார்க்கில் பனித்துகள் விழுந்தது. இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. 2023இல் அமெரிக்க வேளாண் துறை தாவரத் தாங்குதிறன் வரைபடத்தைப் புதுப்பித்தபோது நாட்டில் ஏறத்தாழ பாதி நிலப்பரப்பு அரை மண்டலம் வெப்பமான பக்கம் நகர்ந்தது. அதைப் பார்த்துவிட்டு நடவை முன்னதாகத் தொடங்கலாம் என்று சிலர் முடிவு செய்கிறார்கள். அந்த வரைபடம் சொல்வது குளிர்காலத்தின் மிகத் தாழ்ந்த வெப்பநிலையை. ரோஜாச் செடியோ அத்திமரமோ குளிரில் செத்துப்போகுமா என்ற கேள்விக்கு அது பதில். கடைசி உறைபனி எப்போது என்ற கேள்விக்கு அதில் பதிலே கிடையாது.

காய்ந்த தண்டுகளும் கையைக் கட்டிக்கொள்ளச் சொல்கின்றன. போன வருடத்துச் செடிகளின் பழுப்புத் தண்டுகள் தோட்டத்தை அலங்கோலமாகக் காட்டும். அவற்றை வெட்டி மூட்டை கட்டினால்தான் வசந்தம் பிறந்ததாகத் தோன்றும். அந்தத் தண்டுகளின் உள்ளே, நெட்டியான சோற்றுப்பகுதியைக் குடைந்து, சிறிய தனித்தேனீக்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பிராங்க்ஸிலும் கிழக்கு ஹார்லெமிலும் 19 சமூகத் தோட்டங்களில் நடந்த ஓர் ஆய்வு, 2008இல் வெளியானது, 54 தேனீ இனங்களைக் கணக்கிட்டது. கூடு கட்டித் தேன் சேர்க்கும் நமக்குத் தெரிந்த தேனீ அவற்றில் ஒன்றே ஒன்று. மற்றவற்றில் பல தரையில் துளைபோட்டு வாழ்பவை, சில தண்டுவாசிகள். பகல் வெப்பம் தொடர்ந்து 10 டிகிரியைத் தாண்டும்வரை தண்டை வெட்டாதீர்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். கறாராகப் பார்த்தால் அதுவும் போதாது. சில இனங்கள் ஜூன்வரை வெளியே வருவதில்லை. முழங்கால் உயரத்துக்கு அடித்தண்டை விட்டுவிட்டு மேற்பகுதியை மட்டும் வெட்டி, வெட்டியதையும் ஓர் ஓரமாகக் குவித்து வைப்பது நல்ல சமரசம்.

ஏப்ரலில் இன்னொரு விருந்தாளி முட்டையுறையை உடைத்துக்கொண்டு வருகிறது. ஆசியாவிலிருந்து வந்த துள்ளும் மண்புழுக்கள், அமிந்தஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. தொட்டால் பாம்புபோல் நெளிந்து துள்ளும். மண்புழு என்றாலே உழவனின் நண்பன் என்று பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு இது ஏற்கக் கடினமான செய்தி: வட அமெரிக்காவின் வடபகுதியில் சுதேசி மண்புழுவே அநேகமாகக் கிடையாது. கட்டடக்காரர்கள் தோண்டியெடுக்கும் சுத்த மண்ணைப் போட்டுச்சென்ற அதே பனிப்பாளம், அது மூடியிருந்த நிலத்தில் இருந்த மண்புழுக்களைத் துடைத்துவிட்டது. அங்குள்ள காடுகள் புழுவில்லாமலே, தரையில் தடித்த சருகு மெத்தையோடு வளர்ந்தவை. ஐரோப்பியப் புழுக்கள் குடியேறிகளோடு வந்தன. ஆசியப் புழுக்கள் அவற்றைவிட வேகமானவை. சருகையும் மூடாக்கையும் சில மாதத்தில் தின்று, மேல்மண்ணைக் காப்பித்தூள் மாதிரி உதிரியாக்கிவிடும். வேருக்குப் பிடிமானம் போய்விடும். வளர்ந்த புழுக்கள் முதல் உறைபனியில் செத்துப்போகின்றன. கடுகளவு முட்டையுறைகள் மட்டும் குளிரைத் தாண்டி நின்று, மண் 10 டிகிரியை எட்டும்போது பொரிகின்றன.

இதனால் அடிபடுவது சமூகத் தோட்டங்களின் மிக அன்பான வழக்கம், அதாவது வசந்த காலச் செடிப் பரிமாற்றம். ஒருவர் தன் பாத்தியில் பெருகிய செடியை மண்ணோடு பெயர்த்து இன்னொருவருக்குக் கொடுப்பார். மண்ணோடு முட்டையுறையும் போய்ச் சேரும். வேரை அலசிவிட்டுக் கொடுங்கள், விதையாகக் கொடுத்தால் இன்னும் நல்லது என்று இப்போது சொல்லித் தருகிறார்கள். 40 டிகிரி வெப்பம் மூன்று நாள் நீடித்தால் முட்டையுறை செத்துவிடும். சூடேறி முதிரும் பெரிய உரக்குவியலில் வெப்பம் 55 டிகிரியைத் தாண்டுவதால் அங்கே அது பிழைக்காது. தோட்டத்து மூலையில் சோம்பலாகக் கிடக்கும் சிறு குவியலில் நன்றாகவே பிழைத்துக்கொள்ளும்.

மே முடியும் வேளையில்தான் புரூக்ளினின் கிழக்கு நியூயார்க் பகுதித் தோட்டங்கள் களைகட்டுகின்றன. அங்கே தோட்டம் போடுபவர்கள் பலரும் கரீபியத் தீவுகளிலிருந்தும் அமெரிக்கத் தென் மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள். 1998இல் தொடங்கிய ‘ஈஸ்ட் நியூயார்க் ஃபார்ம்ஸ்’ நடத்தும் சந்தையில் பாகற்காயும் நீளக் காராமணியும் ‘கலாலூ’வும் விற்கின்றன. ஜமைக்காக்காரர்கள் கலாலூ என்பது நம் தண்டுக்கீரையின் நெருங்கிய சொந்தம்தான். வங்கதேசக் குடும்பங்கள் சுரைக்கும் பாகலுக்கும் பந்தல் கட்டுகின்றன. குளிர்ந்த மண்ணில் இந்த விதைகள் முளைப்பதற்கு முன் அழுகிவிடும். எனவே ஏப்ரலில் சமையலறை ஜன்னலோரத்தில் தயிர் டப்பாக்களில் நாற்று விட்டு, இரவு வெப்பம் நிலைத்தபின் வெளியே கொண்டுவருகிறார்கள். சந்தையில் பாகற்காய் வந்து சேர ஜூலை கடைசியாகிவிடும்.

துவரைக்கு மட்டும் பொறுமையும் போதாது. இந்தியாவில் பயிராகி ஆப்பிரிக்கா வழியாகக் கரீபியனுக்குப் போன துவரை, போர்ட்டோ ரிக்கோ மக்களின் கிறிஸ்துமஸ் சோற்றில் ‘காந்தூலெஸ்’ என்ற பெயரில் கட்டாயம் இருக்க வேண்டிய பச்சைப் பருப்பு. பழைய நெட்டை ரகங்கள் இரவு நீண்டால்தான் பூக்கும். ஜூன் மாத நியூயார்க்கில் பகல் 15 மணி நேரம். இரவு போதிய அளவு நீளும்போது செப்டம்பர் பிறந்துவிடும்; பூ காயாகி முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும். பகல் நீளத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல் ஏறத்தாழ 100 நாளில் விளையும் குட்டை ரகங்களை ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள இக்ரிசாட் ஆய்வு நிலையம் உருவாக்கியிருக்கிறது. அத்தகைய ரகத்தின் விதை கையில் இருந்தால், மே கடைசியில் நட்டு, செப்டம்பரில் புரூக்ளினிலேயே பச்சைத் துவரை உரிக்கலாம்.